இறுதி வாக்கியத்தில் இல்லாத பெயர்: செர்பியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கையும்



அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "வேற்றுமை உருபு பற்றிப் பேசுவீர் என்று எதிர்பார்த்தேன், செர்பியாவுக்கு எப்போது குடிபெயர்ந்தீர்?" என்று கேட்டார். இன்றும் வேற்றுமை உருபு பற்றித்தான் பேசவிருக்கின்றேன். செர்பியா வழியாகச் சற்றுச் சுற்றிக்கொண்டு வருகின்றேன், அவ்வளவே.

ஓய்வுபெற்ற பின்னும் வாரம் ஒருநாள் மொழிபெயர்ப்பு வகுப்பு ஒன்றை நடத்தி வந்தேன். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலச் செய்தியைக் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்து வேட்பாளர் நிலையில் காத்திருக்கும் செர்பியா, அவ்வொன்றியத்தின் வெளியுறவுக் கொள்கையோடு கொண்டிருந்த 'அலைன்மென்ட்' ஓராண்டில் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது செய்தி. விடைத்தாள்கள் என்னை உறங்கவிடவில்லை. ஒருவர், "செர்பியா ஐரோப்பிய அணியிலிருந்து விலகுகிறது" என்று எழுதியிருந்தார். மற்றொருவர், "ஒன்றியத்துக்குக் கீழ்ப்படிய செர்பியா மறுக்கிறது" என்றார். குறும்புக்கார மாணவர் ஒருவர், "ஐரோப்பாவுக்கு ஒத்து ஊத செர்பியா மறுக்கிறது" என்றே எழுதிவிட்டார். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஐயா, இன்னும் உள்ளேயே நுழையாத நாடு எப்படி அணியிலிருந்து விலக முடியும்?" என்று கேட்டார். அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. காலந்தாழ்ந்த அந்த விடையே இவ்வுரை.

முதலில் செய்தியைப் புரிந்துகொள்வோம். 1992-இல் கையெழுத்தாகி 1993-இல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பொதுவான வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வகுத்தது. இன்று 27 உறுப்பு நாடுகள் உள்ளன. ஏதேனும் ஒரு நாட்டில் தேர்தல் முறைகேடாக நடந்தாலோ போர் மூண்டாலோ, ஒன்றியத்தின் உயர்பேராளர் 27 நாடுகளின் சார்பில் ஓர் அறிக்கை வெளியிடுவார். தேவையெனில் அமைச்சரவை மன்றம் தடைகளை விதித்து முடிவெடுக்கும். அறிக்கையின் உடற்பகுதி ஒன்றியத்தின் குரல். அதன் இறுதியில் தனியாக ஒரு வாக்கியம் நிற்கும். வேட்பாளர் நாடுகள் இன்னின்னவும், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும், வேறு சில நாடுகளும் இவ்வறிக்கையோடு தம்மை இணைத்துக்கொள்கின்றன என்பது அதன் பொருள்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. பால்கன் நாடுகள் சிலவற்றின் பெயர்மேல் ஓர் உடுக்குறி இருக்கும். கீழே அடிக்குறிப்பைப் பார்த்தால், அந்நாடுகள் நிலைப்படுத்தல், இணைவு நடைமுறையின் பகுதியாகத் தொடர்கின்றன என்று காணப்படும். 'உம் பெயரை எழுதிக்கொண்டோம். ஆனால் நீர் இன்னும் வாசலில்தான் நிற்கின்றீர்' என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. உரையாசிரியர் மரபில் வளர்ந்த நமக்கு அடிக்குறிப்பின் அருமை தெரியும்.

அறிக்கை ஆயத்தமானதும் அது வேட்பாளர் நாடுகளின் தலைநகரங்களுக்கு அனுப்பப்படுகின்றது. குறுகிய காலக்கெடுவுக்குள் அவை விடை கூறவேண்டும். உடன்பட்டால் பெயர் வாக்கியத்தில் ஏறும். உடன்படாவிட்டால் எதிர்ப்பு என்று எங்கும் பதிவாவதில்லை. பெயர் அங்கே இல்லாமற் போகும், அவ்வளவே. மறுப்பு, இன்மையாகவே வெளிப்படுகின்றது. எனவே இத்தகைய அறிக்கையை வாசிப்பவர் எழுதப்பட்டதைவிட எழுதப்படாததைத் தேடவேண்டியிருக்கின்றது. பெல்கிரேடின் பெயர் எந்த அறிக்கையில் இருக்கின்றது, எதில் இல்லை என்று இதழாளர்கள் பார்ப்பது இவ்விறுதி வாக்கியத்தில்தான்.

ஆண்டுதோறும் ஐரோப்பிய ஆணையம் வேட்பாளர் நாடுகளைப் பற்றி அறிக்கை வெளியிடும்போது இவ்விணைவுகளை எண்ணி விழுக்காடாக்குகின்றது. எத்தனை அறிக்கைகளுக்கும் முடிவுகளுக்கும் அழைக்கப்பட்டது, எத்தனைக்கு உடன்பட்டது என்பதே கணக்கு. செர்பியாவின் விழுக்காடு 2021-இல் 64. அதுவே 2022 ஆகஸ்டில் 45 ஆயிற்று. நான் வகுப்பில் கொடுத்த செய்தி இதுவே.

இங்கு ஆசிரியர்கள் சற்று நிற்கவேண்டும். நாமும் மதிப்பெண் போடுகின்றவர்கள் அல்லவா? ஒரு மாணவர் சென்ற ஆண்டு 64, இவ்வாண்டு 45 என்றால், மாணவர் பின்தங்கினார் என்று உடனே சொல்லிவிடுகின்றோம். வினாத்தாள் மாறியதா என்று கேட்பதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின், ரஷ்யாவுக்கு எதிரான முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. செர்பியாவோ 2014-இல் கிரிமியா இணைக்கப்பட்ட காலத்திலிருந்தே ரஷ்யா மீதான தடைகளில் சேர்ந்ததில்லை. அதன் விடை மாறவில்லை. அதே வினா பன்முறை கேட்கப்பட்டது. தொலைநாடு ஒன்றின் மீதான பழைய தடையைப் புதுப்பிக்கும் முடிவும், உக்ரைன் போர் பற்றிய முடிவும் இக்கணக்கில் ஒவ்வொன்றே. எடை பார்க்காத தராசு இது. ஆகவே "வெகுவாகக் குறைந்தது" என்ற வினைமுற்றுக்கு எழுவாய் யார் என்பதே ஐயத்துக்குரியது. இப்படிச் சொல்வதால் செர்பியாவின் நிலை சரி என்று வாதிடுகின்றேன் எனக் கொள்ளவேண்டா. அண்டை நாட்டின்மேல் படை நடத்தியவரைத் தண்டிக்க மறுப்பது சிறிய செயலன்று. எண்ணைச் சரியாக வாசிக்கவேண்டும் என்பதே என் கருத்து.

செர்பியா ஏன் இவ்வாறு நிற்கின்றது? கொசோவோ 2008 பிப்ரவரியில் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. செர்பியா அதை ஏற்கவில்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வெட்டுரிமையுடைய ரஷ்யா செர்பியாவின் பக்கம் நிற்கும்வரை கொசோவோ ஐ.நா. உறுப்பினராக முடியாது. இதில் ஒரு விந்தை: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரேக்கம், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்து நாடுகளும் கொசோவோவை ஏற்கவில்லை. இரண்டாவது காரணம் எரிபொருள். நாட்டின் முதன்மையான எண்ணெய் நிறுவனமான நிஸ், 2008 உடன்படிக்கையின் வழி ரஷ்யாவின் காஸ்ப்ரோம் குழுமத்துக்குச் சென்றது. எரிவாயுவின் பெரும்பகுதியும் ரஷ்யாவிலிருந்தே வந்தது.

மூன்றாவதை அரசியல் நூல்கள் சுருக்கமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கோ அதுவே முதன்மையாகத் தோன்றுகின்றது. 1992 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம், செர்பியாவும் மொண்டெனேகுரோவும் சேர்ந்திருந்த அன்றைய யூகோஸ்லாவியாவின்மேல் பொருளாதாரத் தடை விதித்தது. போரும், அரசு கண்மூடித்தனமாக அச்சிட்ட பணமும், இத்தடையும் சேர்ந்து பணவீக்கத்தை எல்லை கடக்கச் செய்தன. 1993-இல் அந்நாடு 50,000 கோடி தினார் மதிப்புள்ள ஒரே தாளை வெளியிட்டது. அத்தாளில் இருந்த முகம் அரசரோ தளபதியோ அன்று. செர்பியக் குழந்தைகள் பள்ளியில் பயிலும் கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாய். தம் கவிஞரின் முகம் பதித்த தாள் சில நாள்களில் செல்லாக்காசாவதைக் கண்ட தலைமுறை இன்று அங்கு நடுவயதில் இருக்கின்றது. 'தடை' என்ற சொல் நமக்குச் செய்தித்தாளில் வரும் ஒரு பெயர்ச்சொல். அவர்களுக்கு அது வெறுமையான கடையலமாரி. பிறர்மேல் தடை விதிக்கக் கையெழுத்திடச் சொல்லும்போது அந்நினைவு எழுவது இயல்பு. அரசியல்வாதிகள் அந்நினைவைத் தம் வசதிக்குப் பயன்படுத்துகின்றனர் என்பதும் உண்மை.

மறுதட்டில் இருப்பவையும் சிறியன அல்ல. செர்பியாவின் வணிகத்தில் பாதிக்கு மேல் ஒன்றிய நாடுகளோடுதான். 2012-இல் வேட்பாளர் நிலை கிடைத்தது. 2014-இல் பேச்சு தொடங்கியது. பேச்சு 35 அத்தியாயங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. 31-ஆம் அத்தியாயம் வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைக்கு உரியது. அது இதுகாறும் திறக்கப்படவே இல்லை. 2012-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை இன்று வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டது.

அப்படியாயின் முழுமையாக உடன்பட்டால் கதவு திறக்குமா? வட மாசிடோனியா 2005-இல் வேட்பாளர் ஆயிற்று. கிரேக்கத்தின் எதிர்ப்பைத் தணிக்க 2019-இல் தன் நாட்டுப் பெயரையே மாற்றிக்கொண்டது. வெளியுறவு அறிக்கைகளில் இன்று நூற்றுக்கு நூறு உடன்படுகின்றது. பெயரை மாற்றிய மறு ஆண்டே, மொழியும் வரலாறும் தொடர்பான பூசலை முன்வைத்துப் பல்கேரியா தடுத்து நிறுத்தியது. மாசிடோனிய மொழி தனிமொழியா, பல்கேரியத்தின் வட்டார வழக்கா என்பது அப்பூசலின் ஒரு கூறு. மொழியியலாளரின் கருத்தரங்கில் முடியவேண்டிய விவாதம் ஒரு நாட்டின் வாசலை அடைத்தது என்று எண்ணும்போது, என் துறையின்மேல் எனக்கே சற்று அச்சம் உண்டாகின்றது. துருக்கியோ 1999 முதல் வேட்பாளர். உடன்பாடு அண்மை ஆண்டுகளில் பத்து விழுக்காட்டை ஒட்டியோ அதனினும் தாழ்ந்தோ இருந்து வருகின்றது. நூறும் வெளியே நிற்கின்றது, பத்தும் வெளியே நிற்கின்றது.

இனி என் மாணவர்களின் விடைத்தாளுக்கு வருகின்றேன்.

'அணி' என்ற சொல்லை முதல் மாணவர் எங்கிருந்து எடுத்தார்? 'அணிசேரா நாடுகள்' என்ற தொடரிலிருந்து. ஆங்கிலத்தில் 'நான்-அலைன்டு' என்பதிலும் அதே வினைச்சொல் இருப்பதால், அங்கு அணி எனின் இங்கும் அணியே என்று முடிவு செய்துவிட்டார். அவரைக் குறை கூற முடியாது. அணிசேரா நாடுகளின் முதல் உச்சிமாநாடு 1961 செப்டம்பரில் நடைபெற்ற நகரமும் இதே பெல்கிரேடுதான். டிட்டோ அழைக்க, நேருவும் நாசரும் சுகர்ணோவும் அங்குக் கூடினர். இலங்கையிலிருந்து சிறிமாவோ பண்டாரநாயக்கா சென்றார். மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர், 1970-இல் லுசாக்காவில் சேர்ந்தன; 2003-இல் கோலாலம்பூரே அம்மாநாட்டை நடத்தியது. செர்பியா இன்று அவ்வியக்கத்தில் பார்வையாளர் மட்டுமே. ஆயினும் 2021-இல் அறுபதாம் ஆண்டு விழாவைப் பெல்கிரேடு தானே முன்னின்று நடத்தியது.

செர்பியர்கள் தம் மொழியில் என்ன சொல்கின்றனர் என்று தேடிப் பார்த்தேன். அணிசேராதோரைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல் 'நெஸ்வ்ர்ஸ்தானி'. அதனுள் இருக்கும் 'வ்ர்ஸ்தா' என்பதற்கு வகை என்றும் வரிசை என்றும் பொருள். வரிசையில் நிறுத்தப்படாதவர் என்று விரிக்கலாம். நம் 'அணிசேரா' என்பதற்கு வெகு அருகில் இருக்கின்றது. ஆனால் ஒன்றியத்தின் கொள்கையோடு இசைவதைச் சொல்லும்போது அவர்கள் இச்சொல்லைத் தொடுவதே இல்லை. அதற்கு இரு வேறு சொற்கள் உண்டு. ஒன்று 'உஸ்க்லாஜிவான்யே', இசைவு என்று பொருள்படும் 'ஸ்க்லாத்' என்னும் அடியிலிருந்து வந்தது. மற்றொன்று 'உசக்லாஷாவான்யே'; 'க்லாஸ்' என்பதன் அடியாகப் பிறந்தது. 'க்லாஸ்' என்றால் குரல். அதே சொல்லுக்கு வாக்கு, அதாவது தேர்தலில் அளிக்கும் ஓட்டு, என்றும் பொருள் உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லால் கட்டிப்போட்ட இரு செய்திகளை அவர்கள் மொழி பிரித்தே வைத்திருக்கின்றது. வரிசையில் சேர்வது வேறு, குரலைச் சேர்ப்பது வேறு. மலாய் மொழியும் இங்கு நமக்கு உதவுகின்றது. அணிசேரா நாடுகளை 'நெகாரா பெர்கெச்சுவாலி' என்கின்றோம். 'கெச்சுவாலி' என்றால் 'தவிர'. அங்கே அணியும் இல்லை, வரிசையும் இல்லை; விலக்கி நிற்றல் மட்டுமே. மூன்று மொழி பயிலும் நம் மாணவர்கள் இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தாலே, ஆங்கிலச் சொல்லின் நிழலைத் தமிழில் தேடவேண்டிய தேவையில்லை என்பது விளங்கும்.

அடுத்து, வேற்றுமை உருபு. நண்பருக்கு அளித்த வாக்கைக் காப்பாற்றவேண்டுமே. தமிழில் மூன்றாம் வேற்றுமை, கருவிப்பொருளையும் உடனிகழ்ச்சிப் பொருளையும் ஒருங்கே தாங்குகின்றது. 'கத்தியால்' என்பதும் 'தம்பியோடு' என்பதும் ஒரே வேற்றுமை. செர்பிய மொழியிலும் இவ்விரு பொருளுக்கும் வேற்றுமை ஒன்றே. உடனிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு சிற்றிடைச்சொல் சேரும். நமக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே வினையை இருவர் செய்யும்போது 'ஒடு' என்னும் உருபு உயர்ந்தவரைச் சார்ந்தே வரும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் சொல்லப்பட்ட கருத்து. 'அமைச்சரோடு உதவியாளர் வந்தார்' என்போம். 'உதவியாளரோடு அமைச்சர் வந்தார்' என்றால் செவிக்கு எங்கோ இடறுகின்றது.

இப்போது பாருங்கள். 'ஒன்றியத்தோடு செர்பியா இசைந்தது' என்றுதான் எல்லாச் செய்தியும் எழுதுகின்றது. 'செர்பியாவோடு ஒன்றியம் இசைந்தது' என்ற வாக்கியத்தை நான் கண்டதில்லை. எழுதவும் முடியாது, வரைவை எழுதும் மேசையில் செர்பியாவுக்கு நாற்காலி இல்லை. உடன்படிக்கையின் 31-ஆம் உறுப்பின்படி வெளியுறவு முடிவுகளுக்கு ஒருமனம் வேண்டும். ஆகவே உறுப்பினர் ஒருவர் வரைவிலுள்ள ஒரு பெயரையே நீக்கச் செய்ய முடியும். 2022-இல் ரஷ்யத் திருச்சபைத் தலைவர் கிரில் தடைப்பட்டியலில் இடம்பெறுவதை ஹங்கேரி தடுத்தது, அப்பெயர் நீக்கப்பட்டது. உள்ளே இருப்பவர் வாக்கியத்தைத் திருத்துகின்றார். வெளியே இருப்பவர் திருத்தி முடிந்த வாக்கியத்தின்கீழ்ப் பெயரைச் சேர்க்கலாம், அல்லது சேர்க்காமல் விடலாம். 'ஒடு' என்னும் ஓர் உருபு இவ்வளவையும் சொல்லிவிடுகின்றது.

'கீழ்ப்படிய மறுக்கிறது' என்றவருக்கும் ஒரு சொல். உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியத்தின் நிலைப்பாட்டைப் பின்பற்றும் கடப்பாடு உண்டு. வேட்பாளரிடம் எதிர்பார்க்கப்படுவது படிப்படியாக நெருங்கி வருதல். அதனால்தான் இறுதி வாக்கியத்தில் 'தம்மை' என்ற சொல் இருக்கின்றது. தமிழில் இப்பணியைக் 'கொள்' என்னும் துணைவினை செய்கின்றது. 'இணைக்கப்பட்டன' என்றால் பிறர் செயல். 'இணைத்துக்கொண்டன' என்றால் தம் விருப்பம். ஆயினும் அதே 'கொள்' வேறிடத்தில் எப்படி நடிக்கின்றது பாருங்கள்: 'குற்றத்தை ஒத்துக்கொண்டான்' என்னும்போது அதில் விருப்பம் எவ்வளவு, நெருக்குதல் எவ்வளவு? வேட்பாளர் நாட்டின் 'கொள்' இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றது என்பதே என் கணிப்பு.

ஒத்து ஊதிய மாணவரை மறந்துவிடவில்லை. நாகசுரத்தோடு ஒரே சுருதியைத் தாங்கி நிற்கும் குழலே ஒத்து. இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஒத்துக்காரரைக் கேலிப்பொருளாக்கியது நம் வழக்கின் கொடுமை. சுருதி இல்லாமல் நாகசுரக் கலைஞர் என்ன செய்வார்? நூற்றுக்கு நூறு உடன்படும் மொண்டெனேகுரோவை, மக்கள்தொகை ஆறு இலட்சத்தைச் சற்றே தாண்டிய சிறுநாட்டை, ஒத்து ஊதுகின்றது என்று எழுதினால், அந்நாடு தன் பாதுகாப்பைக் கருதித் தானே எடுத்த முடிவை நாம் பழித்தவர் ஆவோம். அச்சொல்லுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். சிரித்துக்கொண்டேதான் குறைத்தேன்.

நம் அருகிலும் இத்தகைய நிலை எழுந்ததுண்டு. 2011-இல் விண்ணப்பித்த திமோர் லெஸ்தே, 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியானின் பதினோராவது உறுப்பினர் ஆயிற்று. காத்திருந்த காலத்தில், 2023-இல், மியன்மார் இராணுவ ஆட்சியை எதிர்க்கும் தரப்போடு அது வெளிப்படையாகவே உறவாடியது. சினமுற்ற இராணுவ ஆட்சி அதன் தூதரக அலுவலரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. வேட்பாளர் நாடு அங்குக் கூட்டமைப்பைவிட உரத்துப் பேசியது. ஆசியான் விழுக்காடு கணக்கிடுவதில்லை; இறுதி வாக்கியமும் இல்லை. எது மேல் என்ற விவாதத்தை உங்கள் வகுப்புக்கு விட்டுவிடுகின்றேன்.

அந்த மாணவியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். செர்பியா எந்த அணியிலிருந்தும் விலகவில்லை. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுப்பேரவையில் ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. செர்பியா அவற்றுள் ஒன்று. பிறர் எல்லையை மீறலாகாது என்பது கொசோவோவைக் கருதி அதற்கும் தேவையான நெறி. கண்டனத்தில் குரல் கொடுத்தது. தடையில் பெயர் கொடுக்கவில்லை. அச்செய்தியை நான் இன்று தமிழாக்கினால், 'ஒன்றியத்தின் வெளியுறவு முடிவுகளில் செர்பியா உடன்பட்டவற்றின் விகிதம் குறைந்தது' என்று எழுதுவேன். நீளம்தான், அழகும் இல்லை. ஆனால் வாசகர் தீர்ப்பளிப்பதற்கு முன் சொல் தீர்ப்பளித்துவிடாது.

2025 பிப்ரவரி 24 அன்று, போர் தொடங்கி மூன்றாண்டு நிறைவுற்ற நாளில், ஐரோப்பிய நாடுகள் ஆதரித்த தீர்மானம் ஒன்று பொதுப்பேரவைக்கு வந்தது. செர்பியா ஆதரித்து வாக்களித்தது. அன்றே அதன் அதிபர் அலெக்சாண்டர் வூச்சிச், அது தவறு என்றும், வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கவேண்டும் என்றும் கூறித் தம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். குரலுக்கும் வாக்குக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் அவர் அதைச் சொன்னார். அவ்வாக்கியத்தை எப்படித் தமிழாக்குவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களில் யாரேனும் முயன்று பார்த்திருந்தால், தேநீர் இடைவேளையில் கேட்க விழைகின்றேன்.